கோலத்தின் மேல் டயர் தடம்... நிறுத்தியிருந்த காரை இடித்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை என்றால்?

2025 ஜனவரி 9, வியாழக்கிழமை. மார்கழி முடிய இன்னும் நான்கைந்து நாள்தான். திருச்சி உறையூரில் ஒரு குறுகலான தெரு. விடியற்காலை ஐந்தே முக்கால் மணி. வாசலில் பெரிய கோலம் போட்டு முடித்த அந்த அம்மா, நடுவில் வைக்கப் பூசணிப் பூவை எடுத்துவர உள்ளே போனார். சாணி உருண்டையில் பூவைச் செருகிக்கொண்டிருக்கும்போது வெளியே 'டமார்' என்று ஒரு சத்தம்.

ஓடி வந்து பார்த்தால், கோலத்தின் பாதி இல்லை. ஈரத் தரையில் வெள்ளையும் சிவப்புமாக ஒரு டயர் தடம் தெருமுனை வரை போயிருந்தது. அவர் முதலில் பார்த்தது அதைத்தான். வாசலை ஒட்டி நிறுத்தியிருந்த காரைப் பிறகுதான் பார்த்தார். பின்பக்க பம்பர் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. வலது பின்கதவு உள்வாங்கியிருந்தது. பின்விளக்கு சில்லுசில்லாகத் தரையில் கிடந்தது.

"ஏங்க... இங்க வாங்களேன்!"

உள்ளே காபி டிகாக்‌ஷன் இறக்கிக்கொண்டிருந்தவர் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். தெருவே அவரைக் 'கணக்கு வாத்தியார்' என்றுதான் கூப்பிடும். 2021 ஜூனில், ஓய்வுக்காலப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து அவர் வாங்கிய கார் அது. வாழ்க்கையில் அவர் வாங்கிய முதல் காரும் அதுதான். மூன்றரை வருடத்தில் ஒரு கீறல் விழவில்லை. தினமும் காலையில் ஒரு பழைய வேட்டித் துணியால் துடைத்துவிட்டுத்தான் பேப்பர் படிக்க உட்காருவார்.

அன்று பேப்பர் மடித்தபடியே கிடந்தது.

மூன்று நிமிடம்

எதிர்வீட்டில் சிசிடிவி கேமரா இருந்தது. எட்டு மணிக்கு அந்த வீட்டுப் பையன் தன் போனில் வீடியோவை ஓட்டிக் காட்டினான்.

5.41-க்கு அந்த அம்மா கோலத்திலிருந்து எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறார். 5.44-க்கு ஒரு குட்டியானை, காய்கறி மூட்டைகளோடு தெருவுக்குள் வருகிறது. எதிரே ஒரு பால் வண்டி. வழிவிடுவதற்காகக் குட்டியானை வேகமாகப் பின்னால் வருகிறது. கோலத்தின் மேல் ஏறி, காரின் பின்பக்கத்தில் மோதி, உரசிக்கொண்டே நிற்கிறது. டிரைவர் கதவைத் திறந்து தலையை நீட்டிப் பார்க்கிறார். இரண்டு பக்கமும் பார்க்கிறார். ஆள் யாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடுகிறார்.

வாத்தியார் அந்த வீடியோவை நான்கு முறை பார்க்கச் சொன்னார். எல்லோரும் கார் அடிபடும் இடத்தையே பார்த்தார்கள். அவர் மட்டும் வீடியோவின் மூலையில் ஓடும் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 5.41, 5.44. மூன்று நிமிடம். அவர் மனைவி குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்த அதே இடத்தில்தான் பின்சக்கரம் ஏறியிருந்தது.

"பூவைக் கையோட எடுத்துட்டுப் போயிருந்தா, நான் அங்கதான உட்கார்ந்திருப்பேன்?" என்றார் அந்த அம்மா. யாரும் பதில் சொல்லவில்லை.

ஆப்பில் தெரிந்த உண்மை

வண்டி நம்பர் வீடியோவில் தெளிவாகத் தெரிந்தது. சென்னையில் வேலை பார்க்கும் மகளுக்கு வீடியோவை அனுப்பினார் வாத்தியார். ஐந்தே நிமிடத்தில் அவளிடமிருந்து போன்.

"அப்பா, எம்பரிவாகன் ஆப்ல நம்பரைப் போட்டுப் பார்த்தேன். அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் 2023 நவம்பரோட முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் போடவே இல்லை."

எம்பரிவாகன், மத்திய அரசின் போக்குவரத்துத் துறை நடத்தும் செயலி. எந்த வண்டியின் நம்பரைப் போட்டாலும் ஆர்சி விவரம், இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை இருக்கிறது என்பதெல்லாம் தெரியும். உரிமையாளரின் பெயர் மட்டும் முழுதாகத் தெரியாது. நடுவில் நட்சத்திரக் குறிகள் இருக்கும். ஆனால் இப்படி ஒரு நாளில் முதலில் தெரிய வேண்டியது இன்சூரன்ஸ் தேதிதானே?

"நீங்க காரை நகர்த்தாதீங்க. நாலு பக்கமும் போட்டோ எடுங்க. தரையில கிடக்குற கண்ணாடி, அந்த டயர் தடம் எல்லாத்தையும் எடுங்க. எதிர்வீட்டு வீடியோவைக் காப்பி வாங்கி வைங்க, அது சில நாள்ல தானா அழிஞ்சிடும்" என்றாள் மகள். அவள் சொன்னபடியே எல்லாம் செய்தார்.

அடுத்து போலீஸ் ஸ்டேஷன். மறுநாள் வைகுண்ட ஏகாதசி. ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் திறப்பு. ஸ்டேஷனில் பாதிப் பேர் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். இருந்த ஒருவர் மனுவை வாங்கிப் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "ரோட்டுல ஏன் சார் காரை நிறுத்துனீங்க?"

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. ஆனால் கேள்வி தப்பில்லை. அந்தத் தெருவில் யார் வீட்டிலும் கார் நிறுத்த இடம் கிடையாது. எல்லோரும் வாசலை ஒட்டித்தான் நிறுத்துகிறார்கள். "வீட்டை ஒட்டித்தான் சார் நிறுத்தியிருந்தேன். வண்டி போக இடம் இருந்துச்சு, வீடியோவுல பாருங்க" என்றார் பொறுமையாக. ஒரு மணி நேரம் கழித்து சி.எஸ்.ஆர் ரசீது கைக்கு வந்தது.

வக்கீல் மாணவர் சொன்ன மூன்று வழிகள்

வாத்தியாரிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்த ஒருவர் இப்போது திருச்சி நீதிமன்றத்தில் வக்கீல். சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சார், மோட்டார் வாகனச் சட்டம் 146-வது பிரிவுப்படி, மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாம பொது ரோட்டுல வண்டியே ஓட்டக் கூடாது. மீறினா 196-வது பிரிவுல முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா மூணு மாசம் வரை ஜெயில், இல்லை ரெண்டும். மறுபடி மாட்டினா 4,000. அதோட, அடுத்தவங்க சொத்துக்குச் சேதம் பண்ணிட்டா 24 மணி நேரத்துக்குள்ள பக்கத்து ஸ்டேஷன்ல டிரைவரே போய்ச் சொல்லணும். அது 134-வது பிரிவு. அதையும் அவன் செய்யலை."

"அந்த அபராதம் எனக்கா வரும்?"

"இல்லை சார், அது அரசாங்கத்துக்கு."

"அப்போ என் காருக்கு?"

வக்கீல் விரல்விட்டு எண்ணினார்.

முதல் வழி, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். பலரும் அது உயிரிழப்புக்கும் காயத்துக்கும் மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். சொத்துச் சேதத்துக்கும் அங்கே மனு போடலாம். 2019-ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். இடித்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால், தீர்ப்பாயம் சொல்லும் தொகையைக் கம்பெனி கட்டும். இல்லையென்றால், வண்டிக்காரரும் ஓட்டியவரும்தான் கட்ட வேண்டும். தீர்ப்பு வாங்குவது ஒரு வேலை, அவரிடமிருந்து பணத்தை வசூலிப்பது இன்னொரு வேலை.

இரண்டாவது, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து, வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிப்பது. கோர்ட் கட்டணம் இல்லை. அங்கே இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டு உத்தரவு வாங்கினால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். அப்பீல் கிடையாது.

மூன்றாவது, சொந்த இன்சூரன்ஸ். காருக்கு முழுப் பாலிசி இருந்தால், யார் இடித்தார்கள், அவரிடம் இன்சூரன்ஸ் இருந்ததா என்பதையெல்லாம் பார்க்காமல் சொந்தக் கம்பெனியிடமே கேட்கலாம். வெறும் 'தேர்டு பார்ட்டி' மட்டும் இருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். அந்தப் பாலிசி உங்கள் வண்டி பிறருக்குச் செய்யும் சேதத்துக்கு மட்டும்தான். உங்கள் காருக்கு ஒரு பைசா தராது.

"உங்களுக்கு எது சார் இருக்கு?"

"முழுப் பாலிசிதான்" என்று எழுந்து போய் ஃபைலை எடுத்துவந்தார் வாத்தியார்.

அப்போது உள்ளே வந்த எதிர்வீட்டுக்காரர் முகம் மாறியது. அவருடைய பன்னிரண்டு வயதுக் காருக்குத் தேர்டு பார்ட்டி மட்டும்தான். குட்டியானை இன்னும் இரண்டடி அந்தப் பக்கம் வந்திருந்தால்?

ஒரு கணக்கு வாத்தியாரின் கணக்கு

மறுநாளே இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டார். சர்வேயர் வந்து பார்க்கும் வரை காரில் கைவைக்கக் கூடாது என்றார்கள். பட்டறையில் எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். மொத்தம் 31,400 ரூபாய்.

அன்று ராத்திரி ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார் வாத்தியார்.

பம்பர், பின்விளக்கு இரண்டும் பிளாஸ்டிக் கணக்கு: 7,200. பிளாஸ்டிக்குக்குத் தேய்மானம் 50 சதவிகிதம். அதாவது 3,600 ரூபாய் அவர் கையிலிருந்து. கதவு புதிது, உலோகம்: 9,600. கார் வாங்கி மூன்று வருடம் தாண்டி, நான்கு முடியவில்லை. அதற்குத் தேய்மானம் 25 சதவிகிதம். 2,400 ரூபாய். பெயின்டிங் 9,000. அதில் கால்வாசி பெயின்ட்டுக்கான விலை என்று வைத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். 1,125 ரூபாய். டிங்கரிங், மாட்டுக்கூலி 5,600. அது முழுதாகக் கிடைக்கும். ஆகத் தேய்மானம் மட்டும் 7,125.

இதுபோக, 1,500 சிசி-க்கு உட்பட்ட காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய். கூட்டினால் 8,125. மீதி 23,275 ரூபாயைக் கம்பெனி கொடுக்கும்.

"பரவாயில்லையே" என்றார் மனைவி.

"இரு, இன்னும் முடியலை."

'நோ க்ளெய்ம் போனஸ்' என்று ஒன்று இருக்கிறது. ஒரு வருடம் க்ளெய்ம் எதுவும் கேட்காமல் இருந்தால், அடுத்த வருடம் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவிகிதம் தள்ளுபடி. அப்படியே 25, 35, 45 என்று ஏறி ஐந்தாவது வருடம் 50-ல் நிற்கும். ஒருமுறை க்ளெய்ம் கேட்டால் மறுபடி பூஜ்ஜியம். வரும் ஜூனில் அவருக்கு 45 சதவிகிதம் கிடைத்திருக்க வேண்டும். இப்போது கிடைக்காது. பிறகு மறுபடி 20, 25 என்று முதலிலிருந்து ஏற வேண்டும். அந்த பிரீமியம் வருடத்துக்கு 6,500 ரூபாய் என்று மாறாமல் வைத்துக்கொண்டு, பழைய இடத்துக்கு வந்து சேரும் வரை ஒவ்வொரு வருட வித்தியாசத்தையும் கூட்டினார். 45, 30, 25, 15, 5. மொத்தம் 120 சதவிகிதம். 7,800 ரூபாய்.

8,125-ஐயும் 7,800-ஐயும் கூட்டி, கீழே இரண்டு கோடு போட்டார்: 15,925.

தப்பே செய்யாமல், வீட்டு வாசலில் காரை நிறுத்தியதற்கு அவருக்கு ஆகும் செலவு.

அப்போதுதான் 2024 ஜூனில் நடந்தது ஞாபகம் வந்தது. பாலிசியைப் புதுப்பிக்கும்போது ஏஜென்ட், "சார், பம்பர் டூ பம்பர் சேர்த்துக்கட்டுமா? தேய்மானம் பிடிக்க மாட்டாங்க" என்று கேட்டார். 'ஜீரோ டெப்' என்று சொல்வதும் அதைத்தான். "கார் சும்மாதானே நிக்குது, எதுக்கு?" என்று ஆயிரத்துச் சில்லறையை மிச்சம் பிடித்தார் வாத்தியார். நிற்கிற காரும் அடிபடும் என்று அப்போது தோன்றவில்லை.

"பார்த்தேன் சார்... யாரும் இல்லை"

சனிக்கிழமை காலை ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. வண்டிக்காரரைக் கூப்பிட்டு விட்டார்களாம்.

போய்ப் பார்த்தால், இருபத்தெட்டு வயது இருக்கும் ஓர் இளைஞர். கூடவே அவருடைய அம்மா. காந்தி மார்க்கெட்டில் விடியற்காலை காய்கறி ஏற்றி, உறையூர், தில்லைநகர் பக்கக் கடைகளுக்குப் போடுகிறவர். வண்டி அவருடையதுதான். மாதாமாதம் டியூ கட்டிக்கொண்டிருக்கிறார்.

"எஃப்.சி-க்குப் போறப்ப இன்சூரன்ஸ் போட்டேன் சார். அது ஒரு வருஷத்துல முடிஞ்சிடுச்சு. மறுபடி போடப் பதினாறாயிரத்துக்கு மேல கேட்டாங்க. டியூ கட்டினது போக கையில நிக்கலை. அடுத்த மாசம், அடுத்த மாசம்னு தள்ளிட்டேன்."

அவர் சொன்ன தொகையில் பொய் இல்லை. ஏழரை டன்னுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு, 2022 ஜூன் முதல் மூன்றாம் நபர் பிரீமியம் 16,049 ரூபாய். வரி தனி.

வாத்தியாரின் மனசுக்குள் ராத்திரி போட்ட கணக்கு ஓடியது. அந்தப் பையன் கட்டாமல் விட்டது 16,049. தன் வீட்டில் வந்து விழுந்திருப்பது 15,925.

"சரிப்பா, இடிச்சிட்டே. இறங்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஏன் நிக்காமப் போனே?"

"பயம் சார். இன்சூரன்ஸ் இல்லாதது தெரிஞ்சா வண்டியைப் புடிச்சு வெச்சுடுவாங்க. பொங்கல் நேரம். ஒரு நாள் வண்டி ஓடலைன்னா கடைக்காரங்க வேற வண்டிக்கு மாறிடுவாங்க. இறங்கலாம்னுதான் கதவைத் திறந்தேன். பார்த்தேன் சார்... யாரும் இல்லை. கிளம்பிட்டேன்."

வாத்தியார் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது பையன்கள் உள்ள வகுப்பில், வீட்டுப்பாடம் செய்யாதவனைப் பார்க்கிற பார்வை.

"யாராவது இருந்திருந்தா?"

இளைஞரிடம் பதில் இல்லை. அவருடைய அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"மூணு நிமிஷத்துக்கு முன்னால என் சம்சாரம் அங்க உட்கார்ந்து கோலம் போட்டுட்டு இருந்தா. அப்பவும் கதவைச் சாத்திட்டுப் போயிருப்பியா?"

பேச்சை இழுக்காமல், "திங்கட்கிழமை வா, பேசிக்கலாம்" என்று எழுந்துவிட்டார். வழக்குப் பதிய வேண்டுமா என்று கேட்ட போலீஸ்காரரிடமும் அதே பதில்தான்: "திங்கட்கிழமை சொல்றேன் சார்."

"நம்ம ஸ்கூட்டி நம்பர் என்னப்பா?"

பொங்கல் லீவுக்கு அன்று மாலையே மகள் வந்துவிட்டாள். வீட்டில் பேச்சு முழுக்க அதே விஷயம்தான். "வழக்குப் போடணும்பா. இப்படி விட்டா நாளைக்கு யாரையாவது ஏத்திட்டுப் போயிடுவான்" என்றாள்.

வாத்தியாருக்கும் அதே கோபம்தான். "இன்சூரன்ஸ் இல்லாம எப்படித்தான் தைரியமா ரோட்டுக்கு வண்டியை எடுத்துட்டு வர்றாங்களோ!"

மகள் போனில் அந்த ஆப்பைத் திறந்தாள். விளையாட்டாக எதிர்வீட்டு பைக், பக்கத்து வீட்டு ஆட்டோ என்று ஒவ்வொரு நம்பராகப் போட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "நம்ம ஸ்கூட்டி நம்பர் என்னப்பா?"

சொன்னார். தட்டினாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. போனை அப்பாவிடம் நீட்டினாள்.

இன்சூரன்ஸ் முடிந்த தேதி: 2024 ஜனவரி.

ஒரு வருடமாக இல்லை.

அந்த ஸ்கூட்டியை 2019 ஜனவரியில் வாங்கினார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் சட்டம் மாறியிருந்தது. கோவையைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் எஸ்.ராஜசேகரன், சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குத் தொடர்ந்தார். அந்த வழக்கில் 2018 ஜூலையில் நீதிமன்றம் போட்ட உத்தரவால், அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் புதிதாக வாங்கும் காருக்கு மூன்று வருடம், டூவீலருக்கு ஐந்து வருடம் மூன்றாம் நபர் இன்சூரன்ஸை மொத்தமாக எடுத்தே ஆக வேண்டும் என்றானது. வருடாவருடம் புதுப்பிக்க மறந்துவிடுகிறார்கள் என்பதற்காகக் கொண்டுவந்த ஏற்பாடு. வாத்தியார் வீட்டில் நடந்ததோ, 'அஞ்சு வருஷத்துக்குக் கட்டியாச்சு' என்று நிம்மதியாக இருந்து, அந்த ஐந்து வருடம் எப்போது முடிந்தது என்பதையே மறந்துபோனதுதான்.

அந்த ஸ்கூட்டியில்தான் அவர் தினமும் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறார். ஒரு வருடமாக, பள்ளிக்கூட வாசலில், நூறு குழந்தைகள் குறுக்கே ஓடும் இடத்தில்.

"யார் மேலயாவது மோதியிருந்தா?" என்றார் மனைவி.

பாலிசி இருந்திருந்தால், உயிரிழப்புக்கோ காயத்துக்கோ தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீட்டைக் கம்பெனி கொடுத்திருக்கும். இல்லாததால் அது லட்சக்கணக்கில் அவர் தலையில்தான் விழும். இந்த வீடுவரைக்கும் கை நீளும். அடிபட்ட குடும்பத்துக்கோ, இவர் வீட்டை விற்றுக் கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டிய நிலைமை.

110 சிசி ஸ்கூட்டிக்கு ஒரு வருட மூன்றாம் நபர் பிரீமியம் 714 ரூபாய். வரியோடு 843. அங்கேயே உட்கார்ந்து மகள் போனில் கட்டினாள். பத்து நிமிடத்தில் பாலிசி வந்துவிட்டது. ஒரு வருடம் தள்ளிப்போன வேலை.

அன்று ராத்திரி வாத்தியார் சரியாகச் சாப்பிடவில்லை.

நான்கு வரி ஒப்பந்தம்

திங்கட்கிழமை போகி. இளைஞர் சொன்ன நேரத்துக்கு வந்தார். இந்த முறை அம்மா வரவில்லை. கையில் நான்காயிரம் ரூபாய் இருந்தது. "இப்போதைக்கு இதுதான் சார் இருக்கு."

வாத்தியார் அதை வாங்கவில்லை.

"என் ஸ்கூட்டிக்கும் இன்சூரன்ஸ் இல்லைப்பா. ஒரு வருஷமா. நேத்து முந்தாநாள்தான் எனக்கே தெரிஞ்சுது. போட்டுட்டேன்" என்றார்.

இளைஞர் நிமிர்ந்து பார்த்தார். அந்த இரண்டு நாட்களில் அவர் எதிர்பார்த்து வந்த வார்த்தைகளில் இது இல்லை.

"அதனால உன் தப்பு இல்லைன்னு சொல்லலை. நான் மறந்தேன், நீ தெரிஞ்சே ஓட்டினே. இடிச்சிட்டு ஓடினே. அது வேற. ஆனா முதல்ல எனக்குப் பணம் வேண்டாம். இந்த நாலாயிரத்தோட இன்னும் எங்கயாவது புரட்டி இன்சூரன்ஸைப் போடு. அது வரைக்கும் வண்டியை எடுக்காதே. பாலிசி காப்பியை எனக்கு அனுப்பு. அப்புறம் நம்ம கணக்கைப் பேசலாம்."

வக்கீல் மாணவர் பக்கத்திலேயே இருந்தார். ஒரு விஷயத்தில் அவர் எச்சரித்தார். சொந்தக் கம்பெனியிடம் க்ளெய்ம் கேட்டுக்கொண்டே, இடித்தவரிடமும் முழுத் தொகையை வாங்கக் கூடாது. ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்குவது தவறு. கம்பெனி கொடுத்த தொகையை இடித்தவரிடம் திரும்பக் கேட்கும் உரிமை கம்பெனிக்கு உண்டு. அதனால், 'இனி எனக்கும் இவருக்கும் எந்த பாக்கியும் இல்லை' என்று கம்பெனிக்குத் தெரியாமல் எழுதிக்கொடுத்தால் க்ளெய்மே சிக்கலாகிவிடும். க்ளெய்ம் படிவத்தில் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். கம்பெனி தராத பகுதியை மட்டும் தனியாகப் பேசி முடிக்கலாம்.

அப்படியே எழுதினார்கள். நான்கே வரி. கம்பெனி தராமல் விட்ட தொகையில் 8,000 ரூபாயை, மார்ச் முதல் மாதம் இரண்டாயிரமாக நான்கு தவணையில் தருவதாக அவர் எழுதிக்கொடுத்தார். 125 ரூபாயை வாத்தியார் தள்ளுபடி செய்தார். நோ க்ளெய்ம் போனஸ் நஷ்டத்தைப் பற்றி அவரிடம் சொல்லவே இல்லை. சி.எஸ்.ஆர் நம்பரையும் தேதியையும் தாளில் குறித்துக்கொண்டார்கள். தவணை வராவிட்டால் மக்கள் நீதிமன்றம், அதுவும் சரிப்படாவிட்டால் ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயம். அந்த வழிகள் திறந்தே இருக்கட்டும் என்றார் வக்கீல்.

மகளுக்கு முழுத் திருப்தி இல்லை. "ரொம்ப இளகிட்டீங்கப்பா" என்றாள். இருக்கலாம். வாத்தியார் அதற்கு வாதாடவில்லை.

மறுபடி மார்கழி

பொங்கல் முடிந்த மறுவாரம் வாட்ஸ்அப்பில் பாலிசி காப்பி வந்தது. வாத்தியார் ஆப்பில் நம்பரைப் போட்டுச் சரிபார்த்துக்கொண்டார். பிப்ரவரி முதல் வாரத்தில் கார் பட்டறையிலிருந்து வந்தது. பெயின்ட் கொஞ்சம் நிறம் மாறித் தெரிவதாக அவருக்கு மட்டும் தோன்றுகிறது.

மார்ச், ஏப்ரல் தவணைகள் சரியாக வந்தன. மே மாதத்துடையது ஜூலையில் வந்தது. கடைசி இரண்டாயிரம் வரவே இல்லை. ஆறு மாதக் கெடு முடிவதற்குள் வக்கீல் ஒருமுறை ஞாபகப்படுத்தினார். "அதுக்காகவா கோர்ட்டுக்குப் போறது? விடு" என்றார் வாத்தியார். ஜூனில் காரின் பாலிசியைப் புதுப்பிக்கும்போது ஏஜென்ட் கேட்பதற்கு முன்பே, "பம்பர் டூ பம்பர் போட்டுடுங்க" என்றார்.

வருடம் சுற்றி மறுபடி மார்கழி வந்தது. ஒருநாள் காலை வாத்தியாரின் போனில் நினைவூட்டல் மணி அடித்தது. அவர் வைத்தது இரண்டு. ஒன்று, ஸ்கூட்டிக்கு. இன்னொன்று, அந்தக் குட்டியானைக்கு.

போன் போட்டார். "தம்பி, இன்சூரன்ஸ் முடியப்போகுது."

"போட்டுட்டேன் சார், முந்தாநாளே. அந்த ரெண்டாயிரம் மட்டும்..."

"அதை நான் கேட்கலை. வண்டியைப் பார்த்து ஓட்டு."

வைத்துவிட்டு ஆப்பைத் திறந்து நம்பரைப் போட்டார். நாற்பது வருடப் பழக்கம், விடையைச் சரிபார்க்காமல் விட மாட்டார். சொன்னது சரிதான்.

வாசலில் அவர் மனைவி கோலம் போட்டுக்கொண்டிருந்தார். சாணி உருண்டையும் பூசணிப் பூவும் பக்கத்தில் ஒரு தட்டில் தயாராக இருந்தன. கோலம் முன்பைவிடச் சின்னது. படியை ஒட்டி, காருக்கு உள்பக்கமாகப் போட்டிருந்தார். போன வருடம் டயர் ஏறிய இடத்தில் தண்ணீர் மட்டும் தெளித்து விட்டிருந்தார்.